ரப்பரை இழுக்கிறவன் எழுதுவது

மாப்ள,

வேலை கிடைத்ததும் ஆளே மாறிவிட்டான் என்று நீயும் சோடாபுட்டியும் பேசிக்கொண்டது காதுக்கு வந்தது. திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் எல்லோரும் நலம்தானே? சரி.

கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ரப்பரை இழுத்துப் பார்க்கிற வேலையா என்றாய். அதேதான். டம்பெல் வடிவில் வெட்டிய துண்டை இரண்டு முனையிலும் கவ்வவைத்து நிமிடத்துக்கு 500 மில்லிமீட்டர் வேகத்தில் இழுப்பேன். நாலைந்து மடங்கு நீண்டு, மெலிந்து, பட்டென்று அறும். ஆனால் நான் சொக்கிப் போயிருப்பது ரியோமீட்டரில், சூட்டில் ரப்பர் எவ்வளவு விறைக்கிறது என்று கோடாக வரைந்து காட்டுகிற கருவி அது. கலவை முதலில் சூட்டில் இளகும், திரையில் கோடு இறங்கும். கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும். கந்தகம் சங்கிலிகளைப் பிணைக்கத் தொடங்கியதும் விறுவிறுவென்று ஏறும். அந்தச் சும்மா கிடக்கிற நேரம் குறைந்துவிட்டால் அச்சு நிறையும் முன்பே ரப்பர் வேகத் தொடங்கிவிடும். மிக்சிங்கில் யாராவது ரப்பரைச் சீக்கிரம் வேகவைக்கிற ஆக்சிலரேட்டரை அதிகமாகப் போட்டிருந்தால் கோடே காட்டிக்கொடுத்துவிடும், நம்ம வாத்தி பிட் பிடிக்கிற மாதிரி.

இனி விஷயம். கசிவை அடைக்கிற ரப்பர் சீல்களுக்கு கம்ப்ரெஷன் செட் என்று ஒரு சோதனை உண்டு. துண்டை 25 சதவீதம் அமுக்கி ஓவனில் வைத்து, எடுத்து, விடுவித்து, மரப்பலகைமேல் அரை மணி நேரம் ஆறவிட்டு உயரத்தை அளக்க வேண்டும். எவ்வளவு எழும்பவில்லையோ அவ்வளவும் கசிவுக்கு வழி. இதில் வல்கனைஸ் செய்தபின், அதாவது கந்தகத்தோடு வேகவைத்தபின், குறைந்தது 16 மணி நேரம் கழித்துத்தான் சோதிக்க வேண்டும் என்பது விதி. உற்பத்திப் பக்கம் ஒருவர் தினமும் வந்து நிற்கிறார்: "ரப்பருக்கு என்ன தம்பி ஓய்வு? காலையில் வெந்தது, மதியமே ஓவனில் ஏற்று." சிரித்துச் சமாளிக்கிறேன், ஆனால் ரிப்போர்ட்டில் இருப்பது என் கையெழுத்து.

1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்ததே, ஏழு பேர் போனார்களே, அதுவும் சீல்தான். குளிரில் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் விறைத்துப்போய் இடைவெளியை நேரத்துக்கு மூடவில்லை. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ஃபெயின்மன் அதில் ஒரு துண்டைக் கிளாம்பில் அமுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டு எல்லோர் முன்னாலும் காட்டினார். நான் தினமும் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான், கேமரா இல்லாமல். எங்கள் சீல் ராக்கெட்டுக்குப் போகவில்லை, தெரியும். இருந்தாலும் எங்கேயோ ஒரு பிரேக்குக்குப் போகிறது.

நாளை மேலாளருக்கு மெயில் போடப்போகிறேன். நீதான் ஆடிட்டில் குப்பை கொட்டுகிறவன், சண்டை மாதிரித் தெரியாமல் எப்படி எழுதுவது என்று இன்றைக்கே சொல். சோடாபுட்டியைக் கேட்காதே, அவன் முதல் வரியிலேயே ராஜினாமா எழுதித் தருவான்.