எந்தக் கவுன்சிலில் பதிவு செய்வீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து எங்கள் சாத்தூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எந்தச் சுவரைப் பார்த்தாலும் ‘நர்சிங் படிக்கலாம், 100 சதவீத வேலை உத்தரவாதம்’ என்ற போஸ்டர்தான். ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழைப் பிரித்தால் உள்ளேயும் அதே வாசகத்தோடு ஒரு நோட்டீஸ். அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். நான் 34 வருடம் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்து, நர்சிங் சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவள்.

போன மாதம் எங்கள் தெருவிலிருந்து தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிற அம்மா ஒருவர், மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். “நர்ஸம்மா, இவ நர்சிங் முடிச்சிட்டா. கவர்மென்ட் வேலைக்கு எப்படி எழுதிப் போடணும்னு சொல்லுங்க” என்றார். அந்தப் பெண் லேமினேட் செய்த சான்றிதழைப் பையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். தங்க நிறத்தில் முத்திரை. ‘நர்சிங்’ என்ற சொல் கட்டைவிரல் பருமனுக்கு இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ‘உதவியாளர் பயிற்சி’. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தேன். பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லை, நர்ஸ்களைப் பதிவு செய்யும் கவுன்சிலின் பெயர் இல்லை, அரசாணை எண்ணும் இல்லை.

“ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் என்னம்மா?” என்று கேட்டேன். சான்றிதழின் மூலையில் அச்சடித்திருந்த வரிசை எண்ணைக் காட்டினாள்.

ஒரு வருடப் படிப்பு. 45,000 ரூபாய். தோட்டையும் செயினையும் அடகு வைத்துக் கட்டிய பணம். இப்போது ஒரு தனியார் கிளினிக்கில் 12 மணி நேர வேலை, 6,500 ரூபாய் சம்பளம். கெட்டிக்காரப் பெண், பேசிக்கொண்டிருக்கும்போதே என் கணவரின் சர்க்கரை அளவைக் கேட்டு, காலில் புண் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். ஆனால் சட்டப்படி அவள் நர்ஸ் கிடையாது. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு அவளால் ஒருநாளும் நர்ஸாக முடியாது. இதை அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

நர்ஸ் ஆவதற்கு வழி மூன்றுதான். ஏ.என்.எம். என்ற துணை நர்ஸ் படிப்பு இரண்டு வருடம், ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ மூன்று வருடம், பி.எஸ்சி. நர்சிங் பட்டம் நான்கு வருடம். எதை முடித்தாலும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில், நாங்கள் கவுன்சில் என்று சொல்வது அதைத்தான், பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல், அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் எம்.ஆர்.பி. தேர்வுக்கு விண்ணப்பமே போட முடியாது. ஜி.என்.எம். படித்தால் அதோடு நின்றுபோவதும் இல்லை. நான் 1983-ல் மதுரை பெரியாஸ்பத்திரியில் ஜி.என்.எம். சேர்ந்தவள், வேலைக்கு வந்த பிறகு டிப்ளமோ முடித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருடம் படித்தேன். என்னோடு படித்தவர்களில் எம்.எஸ்சி. முடித்துப் பேராசிரியர் ஆனவர்களும் உண்டு.

நீட்டில் மார்க் வரவில்லை என்றதும் மருத்துவத் துறையே கைவிட்டுப் போனதாக நினைக்கும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங், ரேடியாலஜி, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் படிப்புகளுக்கெல்லாம் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் நிரம்புகின்றன. கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு இதற்கு ஆன்லைனில் விண்ணப்பம் வாங்குகிறது. இதை எத்தனை பள்ளிக்கூடங்களில் எடுத்துச் சொல்கிறார்கள்?

டெக்னீஷியன் வேலை என்றால் இளப்பமாக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடைசி ஐந்து வருடம் டயாலிசிஸ் வார்டு என் பொறுப்பில் இருந்தது. காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன்பே டெக்னீஷியன், டயாலிசிஸுக்காக ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று சோதித்துவிடுவார். ரத்தத்தை வடிகட்டும் டயாலைசரில் காற்றுக் குமிழி ஒன்றுகூடத் தங்காமல் சலைன் ஓட்டுவார். அப்புறம் நோயாளியின் கையில் ஃபிஸ்டுலா, அதாவது ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கும் இடத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்ப்பார். மாவு மில்லின் சுவரில் கை வைத்தால் ஓர் அதிர்வு தெரியுமே, அது போல விரலுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் ஊசியைக் கையில் எடுப்பார். இதையெல்லாம் மாடியில் இரண்டு அறை, ஒரு பொம்மை, ஒரு பி.பி. மெஷினை வைத்துக் கற்றுக்கொடுக்க முடியாது. ஒரு வருடப் படிப்பு எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே ஒரு வருட சான்றிதழ் படிப்புகள் இருக்கின்றன, ஆனால் அங்கே பிள்ளைகள் வார்டுக்குள் நின்று பழகுகிறார்கள். 2021-ல் வந்த மத்திய அரசின் சட்டமோ, இந்தத் துறைகளில் டிப்ளமோ என்றாலே குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது.

பணம் கட்டப்போகும் பெற்றோர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “முடித்ததும் என் பிள்ளையை எந்தக் கவுன்சிலில் பதிவு செய்வீர்கள்?” பதில் வந்தாலும் அப்படியே நம்பிவிட வேண்டாம். நர்சிங் என்றால் இந்திய நர்சிங் கவுன்சிலின் இணையதளத்தில் மாநில வாரியாகப் பட்டியல் இருக்கிறது, அதில் அந்தக் கல்லூரியின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

ஆசிரியரிடமும் ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட விளம்பரத்தை வாங்கும்போது அங்கீகார ஆணையின் நகலைக் கேளுங்கள். எந்தக் கவுன்சில், எந்தப் பல்கலைக்கழகம் என்பதை விளம்பரத்திலேயே படிக்கிற அளவு எழுத்தில் அச்சிடச் சொல்லுங்கள். தர முடியாதவர்களின் காசு நமக்கு வேண்டாம். உங்கள் பேப்பரில் வந்தது என்று சொல்லித்தான் அந்த அம்மா நகையை அடகு வைத்திருக்கிறார்.

அந்தப் பெண்ணுக்கு வயது 19. இந்த வருடம் ஜி.என்.எம். விண்ணப்பம் போடச் சொல்லியிருக்கிறேன். அவளுடைய ஒரிஜினல் பிளஸ் டூ மார்க் ஷீட்டும் டி.சி.யும் இன்னும் அந்த நிறுவனத்திடமே இருக்கின்றன. 5,000 ரூபாய் பாக்கி கட்டினால்தான் தருவார்களாம். திங்கட்கிழமை நானும் கூடப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்,
சாத்தூர், விருதுநகர் மாவட்டம்.