கொசு விடுவதைக் கண்டு பயம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

டெங்கியைக் கட்டுப்படுத்த, வொல்பாக்கியா என்ற பாக்டீரியா உள்ள கொசுக்களைச் சிங்கப்பூரில் மேலும் பல குடியிருப்புப் பேட்டைகளில் விடும் செய்தியைப் படித்தேன். "டெங்கிக்கு நாமே கொசு வளர்ப்பதா?" என்று எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் அம்மாக்கள் கோபப்படுகிறார்கள். விடுவது ஆண் கொசு. அது கடிக்காது, தேனையும் செடிச் சாற்றையும் குடித்து வாழும். வொல்பாக்கியா இல்லாத, டெங்கியைப் பரப்பும் பெண் ஏடிஸ் கொசு அதனோடு சேர்ந்தால் முட்டைகள் பொரிக்காது. 2016ல் தொடங்கிய இந்தத் திட்டத்தை மனதார ஆதரிக்கிறேன். மின்தூக்கி அருகே இதைத் தமிழில் விளக்கமாக எழுதி ஒட்டினால் பாதிப் பயம் போய்விடும்.

அப்புறம், கொசு விடுகிறார்களே என்று பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்க விடலாமா? என் மகன் டெங்கியால் ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்தான். அந்த இரவுகளை நான் மறக்கவில்லை.

ஒரு வாசகி, ஈசூன்