முன்சக்கரத்தை அளந்த பிறகே புறப்படு

அன்பு மகளுக்கு,

டிரெய்லரை மாட்டியதும் காரின் பின்புறம் தாழ்ந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாய். பின்புறம் தாழ்வதைவிட முன்புறம் எழும்புவதே எனக்குக் கவலை தருகிறது. வண்டியைத் திருப்புவதும் பிரேக்கின் பெரும்பங்கும் முன்சக்கரங்களின் வேலை என்பதால், அவற்றின் மீது பாரம் குறைந்துவிட்டால் ஈரச் சாலையில் பிடி இருக்காது. ஒரு மலையிறக்க வளைவில் ஸ்டீயரிங் என் கையில் லேசாகிப் போனதை நான் இன்னும் மறக்கவில்லை.

இதற்கு உதவுவது எடை பகிரும் ஹிட்ச், அதாவது காரையும் டிரெய்லரையும் இணைக்கும் கருவி. அது தன் ஸ்பிரிங் கம்பிகளை நெம்புகோலாகக் கொண்டு, பின் அச்சில் குவிந்த பாரத்தில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லரின் அச்சுகளுக்கும் தள்ளுகிறது. காரின் இழுவைத் திறனை அது கூட்டுவதில்லை. சில கார்களுக்கு இத்தகைய ஹிட்ச் கூடாது என்று தயாரிப்பாளரே சொல்வதுண்டு. ஆகவே முதலில் உன் காரின் கையேட்டைப் பார்.

கம்பிகளைத் தேர்ந்தெடுக்கும்போது டிரெய்லரின் மொத்த எடையை மட்டும் பார்க்காதே. ஹிட்சின் மேல் இறங்கும் எடைதான் முக்கியம். அது பொதுவாக மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 2,000 கிலோ டிரெய்லருக்கு 200 முதல் 300 கிலோ இருக்க வேண்டும். தண்ணீர், எரிவாயு, சாமான்கள் எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு எடை போட்டு, காரின் பின் அச்சுக்குப் பின்னால் நீ வைக்கும் பொருட்களையும் கூட்டிக்கொள். தேவைக்கு மீறிய விறைப்பான கம்பி வாங்கினால் குலுக்கல் முழுவதும் வண்டியின் சட்டகத்தில் இறங்கும்.

பொருத்தும்போது சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு மேலே காரின் உடலில் உள்ள வளைவு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று மூன்று முறை அள: டிரெய்லர் இல்லாமல், மாட்டிய பின், கம்பிகளை இறுக்கிய பின். முதலில் 900 மில்லிமீட்டர் இருந்தது மாட்டியதும் 930 ஆனால், இறுக்கிய பின் 915 அளவுக்காவது இறங்க வேண்டும்; கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்று. 900க்குக் கீழே மட்டும் போகவிடாதே, அப்போது பின்சக்கரங்கள் பிடியிழந்து வழுக்கும். போதவில்லையென்றால் ஹிட்ச் தலையின் சாய்வைக் கூட்டு, அல்லது கம்பியின் நுனியை டிரெய்லரோடு இழுத்துக் கட்டும் சங்கிலியில் ஒரு கண்ணி ஏற்றி இறுக்கு.

சங்கிலியை மாட்டும் முன் டிரெய்லரின் ஜாக்கால் இணைப்பைக் காரின் பின்புறத்தோடு சேர்த்து உயர்த்திவிடு, கம்பி தளர்ந்து கைக்கு எளிதாக வரும். இழுவிசையில் இருக்கும் கம்பி நழுவினால் காலை முறித்துவிடும், அம்மா. அதன் பாதையில் ஒருபோதும் நிற்காதே.

அளந்த மூன்று உயரங்களையும் புறப்படும் முன் எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா