அத்தையின் அலமாரியில் இருக்கும் பெட்டி

அம்பாசமுத்திரம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். ஆற்றில் வெள்ளம் வடிந்துவிட்டது. பெருங்குடல் புற்று இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர் அனுப்பிய மலப் பரிசோதனைப் பெட்டியை உன் அத்தை மூன்று வாரமாகப் பிரிக்காமல் அலமாரியிலேயே வைத்திருப்பதாக ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். கூச்சம் இருக்கத்தான் செய்யும். ஆனால், "அதில் ஏதாவது தெரிந்தால் அடுத்து வரும் பில்லை யார் கட்டுவது?" என்று அவர்கள் கேட்டதுதான் என் மனதில் நின்றது. முப்பத்திரண்டு ஆண்டுகள் பாலிசிப் பத்திரங்களோடு காலம் கழித்தவன் ஆகையால், அமெரிக்க அரசு முதியோருக்குத் தரும் மருத்துவக் காப்பீடான மெடிக்கேரின் விதிகளை உட்கார்ந்து படித்தேன்.

அமெரிக்காவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற அத்தைக்கு, மருத்துவர் செலவையும் சோதனைச் செலவையும் ஏற்கும் மெடிக்கேரின் பி பகுதி இருக்கிறது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் இரத்தத்தைப் பார்க்கும் சோதனைக்கு 12 மாதங்களுக்கு ஒரு முறையும், இரத்தத்தோடு மரபணு மாற்றங்களையும் பார்க்கும் சோதனைக்கு 45 முதல் 85 வயது வரை 3 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் அது முழுச் செலவையும் ஏற்கிறது.

அவர்கள் அஞ்சுவது இரண்டாவது பில்லுக்கு. முன்பு அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. வீட்டுச் சோதனையில் கோளாறு தெரிந்து, பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்தால், அதை நோய் கண்டறியும் சோதனையாகக் கணக்கிட்டு ஒரு பங்கை நோயாளியிடமே வாங்கினார்கள். 2023 ஜனவரி 1 முதல் அதுவும் முன்சோதனையின் தொடர்ச்சியாகவே கொள்ளப்படுவதால், அதற்கும் கட்டணம் இல்லை. ஆனால் குழாய் விட்டுப் பார்க்கும்போது பாலிப் என்னும் சதை வளர்ச்சி கண்டு அதை வெட்டியெடுத்தால், 2026 முடிய 15 சதவீதமும், 2027 முதல் 2029 வரை 10 சதவீதமும் கையிலிருந்து கட்ட வேண்டும். 2030 முதல் அதுவும் கிடையாது. இதை மறைக்காமல் சொல்லிவிடு. மறைத்தால் பில் வரும் நாளில் வருத்தம் உன் மேல்தான் வரும்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மரபணு மாற்றங்களையும் பார்க்கும் அந்த மலச் சோதனை, அறிகுறி எதுவும் இல்லாத, குடும்பத்தில் பெருங்குடல் புற்று வந்திராதவர்களுக்கு உரியது. அத்தையின் அண்ணன் ஒருவர் குடல் நோயில் இறந்ததாக உன் கல்யாணத்தின்போது யாரோ பேசியது எனக்கு நினைவிருக்கிறது. அது என்ன நோய் என்று மாப்பிள்ளையிடம் விசாரி. பெருங்குடல் புற்றுதான் என்றால், பெட்டியைத் தொடாமல், நேராகக் கொலோனோஸ்கோப்பி செய்துகொள்வது பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இங்கே எங்கள் பாலிசி மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். போன ஆண்டு பாளையங்கோட்டையில் நான் செய்துகொண்ட மலப் பரிசோதனைக்குப் பென்ஷனிலிருந்துதான் கொடுத்தேன். கட்டணமில்லாமல் வீடு தேடி வந்த பெட்டி சும்மா கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அத்தை மெடிக்கேரைத் தனியார் நிறுவனம் வழியாக எடுத்திருந்தால், எந்த ஆய்வகத்துக்கு அனுப்பினால் செல்லும் என்பதை அட்டையின் பின்புறமுள்ள எண்ணில் கேட்டுக்கொள். பெட்டியின் மேல் காலாவதித் தேதி இருக்கும். முதலில் அதைப் பார்.

அன்புடன்,
அப்பா