வணிகப் பயன்பாட்டுக்கு எனத் தேடியபோது காட்டி விற்கப்பட்ட படம் குறித்த புகார்

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
படக்களஞ்சிய இணையதள நிறுவனம்.

அனுப்புநர்:
தங்கள் ஆண்டுச் சந்தாதாரர்,
இராயப்பேட்டை, சென்னை – 14.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

இராயப்பேட்டையில் வடிவமைப்புத் தொழிலைத் தனியொருவனாக நடத்தி வருகிறேன். தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றுக்காக 1,500 மாதக் காலண்டர்கள் தயாரித்தபோது, பங்குனியை ஒட்டிய மார்ச் மாதத் தாளுக்கு, மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழாக் கூட்டத்தைக் காட்டும் படம் ஒன்றைத் தங்கள் தளத்தில் வாங்கினேன். தேடும்போது ‘வணிகப் பயன்பாடு’ என்ற வடிகட்டியைத் தேர்வு செய்திருந்தேன். படத்தின் கீழே ‘ராயல்டி ஃப்ரீ’ என்று மட்டுமே இருந்தது. அச்சொல்லுக்கு இலவசம் என்பது பொருளல்ல, ஒருமுறை கட்டணம் செலுத்தினால் உரிம வரம்புக்குள் பலமுறை பயன்படுத்தலாம் என்பதே பொருள் என்பதை அறிந்தவன் நான்.

காலண்டர்கள் விநியோகிக்கப்பட்ட மறுவாரமே, அப்படத்தின் முன்வரிசையில் கைகூப்பி நிற்கும் பெண்மணி தம் மகனுடன் ஜவுளிக்கடைக்கு வந்துவிட்டார். அவர் குரலை உயர்த்தவில்லை; “என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்று மட்டும் சொன்னார். சாமி கும்பிடப் போன இடத்தில் எடுத்த தம் முகம் புடவை விளம்பரத்தில் இருப்பதைப் பார்த்த அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பிறகே படத்தின் தனிப்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். குறிச்சொற்களுக்கும் கீழே, சிறிய எழுத்தில், ‘எடிட்டோரியல் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்றிருந்தது. அதாவது, படத்தில் உள்ளவர்களிடம் ‘மாடல் ரிலீஸ்’ எனும் ஒப்புதல் பெறப்படவில்லை. செய்திக்கோ கட்டுரைக்கோ பயன்படுத்தலாமே தவிர விளம்பரத்துக்குக் கூடாது. தேடல் முடிவுகளிலேயே பதிவிறக்கும் பொத்தானை வைத்திருக்கும் தாங்கள், இந்தத் தடையை மட்டும் அங்கே காட்டாதது ஏன்? ரசீதிலும் பட எண் இருக்கிறதே தவிர உரிம வகை இல்லை.

‘விதிகளைப் படிப்பது வாடிக்கையாளர் பொறுப்பு’ என்று தங்கள் உதவிப் பிரிவு அனுப்பிய இரண்டு வரிப் பதிலை நான் ஏற்கவில்லை. வடிகட்டியைப் பயன்படுத்தியதற்கான திரைப்பிடிப்பு என்னிடம் உள்ளது. வணிகப் பயன்பாடு என்று கேட்டவனுக்கு எடிட்டோரியல் படத்தைக் காட்டியது தங்கள் தளத்தின் தவறு.

காலண்டர்களைத் திரும்பப் பெற்று அந்த ஒரு தாளை மட்டும் மாற்றி அச்சிட ஆன 18,600 ரூபாயையும் படத்தின் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். தேடல் முடிவிலேயே ஒவ்வொரு படத்தின் மீதும் உரிம வகை தெரியும்படி செய்ய வேண்டும். அந்தப் பெண்மணிக்குத் தாங்களும் வருத்தம் தெரிவித்து எழுத வேண்டும். இதைப் பணத்தைவிட முக்கியமாகக் கருதுகிறேன்.

மின்வணிக விதிகள், 2020-இன்படி புகார் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டியது தங்கள் கடமை. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரும் நுகர்வோரே என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 கூறுவதால், தீர்வு கிடைக்காவிட்டால் சென்னையிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

திரைப்பிடிப்பு, ரசீது, அச்சகப் பில் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்