கலங்கும் துளிக்கு முந்தைய துளி

ஆசிரியருக்கு,

வணக்கம். எண்ணெயும் நீரும் தெளிவாகக் கலந்து நிற்கும் மைக்ரோஎமல்ஷன் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை தெளிவாக இருந்தது. ஒரு வரி மட்டும் இடறியது: எண்ணெயையும் நீரையும் சேர்த்து வைக்கும் சோப்பு போன்ற பரப்புச் செயலியைக் கூட்டக் கூட்ட எண்ணெயில் அதிக நீரை ஏற்றலாம் என்ற வரி. பொய்யில்லை. ஆனால் அளவைக் கூட்டாமலே அதைச் சாதிக்கலாம் என்பதுதான் சுவாரசியம்; அதைக் கட்டுரை தொடவே இல்லை.

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது மாதக்கணக்கில் இதே வேலைதான். எண்ணெயாக ஹெப்டேன் என்ற திரவத்தை எடுத்து, அதில் ஏஓடி என்ற எதிர்மின்னேற்றம் கொண்ட பரப்புச் செயலியைக் கரைத்து, நீரைத் துளித்துளியாக விட்டுக் குலுக்குவேன். நீர் போன இடம் தெரியாது. சோதனைக் குழாய் பளிங்கு போல் இருக்கும். உள்ளே உருவாகும் நீர்த்துளிகள் சில நானோமீட்டர் அளவே என்பதால் ஒளி அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. பிறகு ஒரு துளியில் சட்டென்று கலங்கும். எவ்வளவு குலுக்கினாலும் தெளியாது. அடுத்த குழாயில் ஏஓடியில் ஒரு சிறு பங்கைக் குறைத்து, அதே அளவுக்கு மின்னேற்றமற்ற செயலி ஒன்றைச் சேர்ப்பேன். பொருத்தமான செயலியாக இருந்தால் கலங்கும் புள்ளி தள்ளிப்போகும். அதன் பங்கைக் கூட்டினால் இன்னும் தள்ளிப்போகும். ஓர் உச்சத்துக்குப் பின் இறங்கத் தொடங்கும். வரைந்து பார்த்தால் குன்று போல் இருக்கும்.

காரணம், துளியைச் சுற்றிச் செயலி மூலக்கூறுகள் அமைக்கும் படலம். அவற்றின் நீரை நாடும் முனையைத் தலை என்போம். ஏஓடியின் எதிர்மின் தலைகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. நடுவே மின்னேற்றமற்ற தலை புகுந்தால் அந்தத் தள்ளல் தணிந்து, படலத்தின் வளைவு மாறுகிறது. வளைவு தளராவிட்டால் துளி பெருக்க முடியாமல் உபரி நீர் அடியில் பிரிந்து நிற்கும். அளவுக்கு மீறித் தளர்ந்தாலோ, துளிகள் ஒன்றையொன்று ஈர்த்துத் திரண்டு, துளிகள் செறிந்த அடுக்கு தனியே பிரியும். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு நோய். இரண்டு எல்லைகளும் சந்திக்கும் இடமே அந்த உச்சம்.

எதை எதோடும் கலக்கலாம் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். நேர்மின் செயலியையும் எதிர்மின் செயலியையும் சம அளவில் சேர்த்தால் பெரும்பாலும் வீழ்படிவுதான் மிஞ்சும்.

இது புதுமையும் அல்ல. 1943-இல் ஹோர், ஷுல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் விவரித்த தெளிந்த கலவைகளிலேயே சோப்புக்குத் துணையாக இன்னொரு மூலக்கூறு இருந்தது. மைக்ரோஎமல்ஷன் என்ற பெயர்தான் 1959-இல் வந்தது.

அடுத்த இதழில் அந்தக் குன்றின் வரைபடத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். அதில் வெப்பநிலையையும் குறிப்பிடச் சொல்லுங்கள். 25 டிகிரியில் கிடைத்த உச்சம் 40 டிகிரியில் அதே இடத்தில் இராது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்