இறந்த கணவரின் நிலத்துக்கு வாரிசான எனக்கு பி.எம். கிசான் உதவித்தொகை வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்: விவசாயி (பெயர், முகவரி இணைப்பில்), சேரன்மகாதேவி வட்டம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருநெல்வேலி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு வயது 58. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு 70 சென்ட் நஞ்சை இருக்கிறது. கார், பிசானம் என்ற இரண்டு பூ நெல்லும் அதில்தான். என் கணவர் பெயரில் பட்டா இருந்தது. 2019-இல் விவசாயிகளுக்கு வருடம் 6,000 ரூபாய் தரும் மத்திய அரசின் இந்தத் திட்டம் வந்ததும் அவர் பதிந்தார், நாலு மாதத்துக்கு ஒரு தடவை 2,000 ரூபாய் கணக்கில் ஏறியது. 2023 ஐப்பசியில் அவர் காலமானார். இறந்தவர் பெயருக்குப் பணம் வரக்கூடாது என்று நாங்களே போய்ச் சொல்லி நிறுத்தினோம்.

அந்த வருடம் மார்கழி பிறந்த அன்றும் மறுநாளும், அதாவது டிசம்பர் 17, 18 தேதிகளில், ஆற்றுவெள்ளம் வீட்டுக்குள் வந்துவிட்டது. பிசானப் பயிர் போனது போகட்டும். டிரங்குப் பெட்டியில் இருந்த பட்டாவும் வங்கிப் புத்தகமும் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. காயப்போட்டுப் பிரித்தால் தாள்தான் வந்தது, எழுத்து வரவில்லை. அதற்குப் பிறகு வாரிசுச் சான்று வாங்கி, பட்டா மாறுதல் முடிய 2024 ஆகிவிட்டது. இப்போது நான், மகன், மகள் மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா.

சரி, இனிப் பதியலாம் என்று போனால் ரேகை விழவில்லை. நாற்று நட்டுத் தேய்ந்த விரல். முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்து, கடைசியில் இடது மோதிர விரல்தான் விழுந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் குறை அடுத்தது.

விண்ணப்பம் இரண்டு தடவை தள்ளுபடியானது. "2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு உங்கள் பெயருக்கு வந்த நிலம், தகுதி இல்லை" என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. ஆனால் நில உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வரும் நிலத்துக்கு அந்தத் தேதிக் கட்டுப்பாடு பொருந்தாது என்று திட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. நான் நிலத்தைக் கிரயம் வாங்கவில்லை. விண்ணப்பத்தைச் சரிபார்த்த அலுவலர்கள் பட்டா தேதியை மட்டும் பார்த்தார்களோ என்னவோ.

2020-இல் நம் மாநிலத்தில் பல மாவட்டங்களில் தகுதியில்லாதவர்கள் சேர்ந்து பணம் வாங்கியது வெளிவந்தது. அதற்கு அப்புறம் சோதனை கடுமையானது நியாயம்தான். ஆனால் அந்தச் சல்லடையில் விதவைகள் விழக்கூடாது அல்லவா?

ஆறாயிரம் ரூபாய் பெரிய தொகையா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு தவணையில் 1,350 ரூபாய்க்கு டி.ஏ.பி. உரம் ஒரு மூடையும், மூடை 266 ரூபாய் 50 காசு வீதம் யூரியா இரண்டு மூடையும் வாங்கி, 117 ரூபாய் மிச்சம் பிடிக்கலாம். கார் நடவு நேரத்தில் அதைக் கடனாகக் கேட்டால் அறுப்பில் நெல்லாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, என் விண்ணப்பத்தை வாரிசு உரிமை என்ற வகையில் மறுபடி பரிசீலித்து, முதலில் விண்ணப்பித்த நாளிலிருந்து தவணைகள் கிடைக்க உத்தரவிட வேண்டுகிறேன். மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள் ஐயா. எங்கள் தெருவில் மட்டும் என்னைப் போல இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். அவர்கள் மனுவும் பின்னால் வரும்.

இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கூட்டுப் பட்டா, சிட்டா நகல்கள் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(இடது கை மோதிர விரல் ரேகை)